தொழிற்கூடம் கேள்வி–பதில்: டிராலியை எடுப்பதற்கு முன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாமா?

விரயத்தைக் களையும் லீன் உற்பத்தி முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி வந்தன: ஆலையில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பதற்கு முன்னால், அதைக் கணினியில் சிமுலேஷனாக ஓட்டிப் பார்ப்பதால் பயன் உண்டா என்பதே அது. அந்தக் கடிதங்களுக்கு மட்டும் இம்முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: பம்புக்கான வார்ப்புகளைக் கடைந்து, துளையிட்டு, கசிவுச் சோதனை செய்து அசெம்பிளிக்கு அனுப்புகிறோம். எங்களிடம் வந்த லீன் ஆலோசகர், மெஷின்களுக்கு இடையே நிற்கும் மூன்று டிராலி சரக்கை ஒரே டிராலியாகக் குறைக்கச் சொல்கிறார். அப்படிச் செய்தால் அசெம்பிளி நின்றுவிடும் என்கிறார் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். சிமுலேஷன் செய்தால் யார் சொல்வது சரி என்று தெரியுமா?
– ஒரு சிறுதொழில் உரிமையாளர், கணபதி, கோவை

பதில்: தெரியும். ஆனால் இருவரும் வெவ்வேறு கணக்கைப் பேசுகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆலோசகர் பேசுவது, 1961ஆம் ஆண்டு ஜான் லிட்டில் என்பவர் நிறுவிய எளிய விதி. ஆலைக்குள் நிற்கும் சரக்கை ஒரு நாளைய உற்பத்தியால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே வந்து வெளியேறச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பது கிடைத்துவிடும். தரையில் 1,200 வார்ப்புகள் நின்று, நாளொன்றுக்கு 150 வெளியேறினால் 8 நாள். அதையே 450 ஆகக் குறைத்தால் 3 நாள். பணம் முடங்குவதும் அதே அளவுக்குக் குறையும். இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை, நாளொன்றுக்கு 150 என்ற அந்த எண் மாறாமல் இருக்கும் வரைக்கும். உங்கள் மேனேஜரின் பயமெல்லாம் அந்த 150 பற்றியதுதான்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டா என்பதை அறியக் கணினிகூட வேண்டாம். லூடோ பகடை இரண்டு போதும். ஒவ்வொரு பகடையும் ஒரு மெஷின், ஒவ்வொரு வீச்சும் ஒரு மணி நேரம், விழும் எண் அந்த மணியில் அந்த மெஷின் முடிக்கக்கூடிய பீஸ்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெஷினின் சராசரி 3.5. இரண்டுக்கும் இடையில் ஒரு பீஸ்கூட வைக்க இடமில்லை என்றால், வேகமாக முடித்தது மந்தமானதற்காகக் காத்திருக்க வேண்டும். எனவே இரண்டில் சிறிய எண்தான் வெளியே வரும். அதன் சராசரி 3.5 அன்று, சுமார் 2.5. ஐந்து மெஷின்களை இப்படி வரிசையாகக் கோத்தால் சராசரி 1.6க்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஐந்தில் ஒரு மெஷின்கூட மோசமானதில்லை. ஏற்ற இறக்கம் மட்டுமே பாதிக்கும் மேற்பட்ட உற்பத்தியை விழுங்கிவிட்டது. இடையிடையே சரக்கு தாராளமாக நின்றால் உற்பத்தி மீண்டும் 3.5ஐ நெருங்கும்.

ஆக, சரக்கு விரயம் என்பது உண்மையாக இருக்கும்போதே, அது ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மெத்தையாகவும் வேலை செய்கிறது. மெத்தை எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதைப் பகடையும் காகிதமும் சொல்லாது. சிமுலேஷன் நுழைய வேண்டிய இடம் இதுதான். ‘9 மணி 14க்கு லேத் ஒரு பீஸை முடித்தது, 9 மணி 16க்குத் துளையிடும் மெஷின் நின்றது’ என்று நிகழ்வுக்கு நிகழ்வு தாவிச் சென்று, உங்கள் ஆலையில் அளந்தெடுத்த நேரங்களிலிருந்து சீட்டுக் குலுக்குவதுபோல் ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு நேரத்தை எடுத்து, ஒரு மாத உற்பத்தியைக் கணினி சில நொடிகளில் ஓட்டிவிடும். வெவ்வேறு குலுக்கல்களுடன் அதே மாதத்தை 30 முறை ஓட்டினால், நல்ல மாதம் எப்படி இருக்கும், கெட்ட மாதம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

இப்படி ஓட்டிப் பார்ப்பவர்கள் வழக்கமாகக் காண்பது, முதல் டிராலி தரும் பயன் அதிகம், இரண்டாவது தருவது அதைவிடக் குறைவு, மூன்றாவது தருவது மிகக் குறைவு என்பதைத்தான். எனவே உங்கள் ஆலையில் பெரும்பாலான இடைவெளிகளில் ஆலோசகர் சொல்வதே நிலைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அடிக்கடி நின்றுபோகும் மெஷினுக்கும் ஆலையின் வேகத்தையே தீர்மானிக்கும் மெஷினுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு இடத்தில் மட்டும் மேனேஜர் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும். எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணை விதிப்பதுதான் தவறு.

இங்கே ஓர் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வால்வு தயாரிக்கும் ஓர் ஆலைக்கு இப்படி ஒரு கணினி மாதிரி (மாடல்) செய்து கொடுத்தேன். உண்மை உற்பத்தியைவிட என் கணினி எப்போதும் கூடுதலாகவே காட்டியது. எண்களை ஒரு வாரம் புரட்டியும் காரணம் பிடிபடவில்லை. பிறகு ஒரு நாள் காலை ஷிஃப்ட் முழுக்க லேத் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு கூடங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பேலட் டிரக்தான் இருந்தது. வார்ப்பு லாரி வரும் நாள்களில் ஸ்டோர்காரர்கள் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், லாரி காலியாகும்வரை திரும்பாது. முடிந்த பீஸ்கள் லேத் ஓரத்தில் குவிய, அடுத்த மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் மாதிரியில் மெஷின்கள் எல்லாம் இருந்தன, பேலட் டிரக் இல்லை. அதைச் சேர்த்ததும் கணக்கு ஒட்டியது. புதிய லேத் வாங்குவதற்காகப் போட்டிருந்த திட்டம் இன்னொரு பேலட் டிரக்கோடு முடிந்தது.

கேள்வி: டொயோட்டாவில் அட்டைகளையும் சுண்ணக்கட்டியையும் வைத்துக்கொண்டுதானே இதையெல்லாம் சாதித்தார்கள்? லீன் என்பதே எளிமைதானே, அதற்குள் கணினியை ஏன் நுழைக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஃபோர்மேன், அம்பத்தூர்

பதில்: உங்கள் எரிச்சலில் பாதி எனக்கும் உண்டு. டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, பின்னால் இருப்பவர் எடுத்த அளவுக்கு மட்டுமே முன்னால் இருப்பவர் செய்து வைக்கும் கன்பான் அட்டை முறையை 1950களில் மெஷின் ஷாப்பில் வளர்த்தெடுத்தபோது, அவருக்குக் கணினி துணை நிற்கவில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அதற்குள் நின்று மணிக்கணக்கில் பார் என்று பொறியாளர்களைப் பணித்தவர் அவர். லீன் என்ற பெயரே வெகு பின்னால், 1988இல் ஜான் கிராஃப்சிக் எழுதிய ஒரு கட்டுரையில்தான் வந்தது.

ஆனால் ஓனோவிடம் இருந்ததும் நம்மிடம் இல்லாததுமான ஒன்றைக் கவனியுங்கள்: காலம். சரக்கைக் கொஞ்சம் குறைப்பது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, அந்தக் காரணத்தைச் சரிசெய்வது, மறுபடியும் குறைப்பது என்று மெஷின் ஷாப்பில் தொடங்கியதை நிறுவனம் முழுவதற்கும் கொண்டுபோக அவர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆற்றில் தண்ணீரைக் குறைத்தால் பாறை தெரியும் என்று இதைச் சொல்வார்கள். இது உண்மையான ஆற்றில், உண்மையான படகை வைத்துச் செய்யும் சோதனை. வாடிக்கையாளருக்கு ஒரு நாள் தாமதமானாலும் அபராதம் கட்ட வேண்டிய சிறு ஆலை ஒன்றால் ஒவ்வொரு பாறையிலும் மோதிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. எந்தப் பாறை முதலில் தட்டும் என்பதைக் கணினி முன்கூட்டியே சொல்லும். பாறை ஏன் அங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது; அதற்கு வட்டத்துக்குள் நின்றே ஆக வேண்டும்.

இன்னொன்று. சிமுலேஷன் ஏதோ இன்றைய மென்பொருள்காரர்கள் ஆலைக்குள் திணித்த சரக்கு என்று எண்ண வேண்டாம். ஓனோ ஜப்பானில் அட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே 1950களின் இறுதியில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஓர் எஃகு நிறுவனத்தில் கே.டி. டோச்சர் என்பவர் ஆலைகளின் இயக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பொதுவான நிரலை எழுதத் தொடங்கியிருந்தார். இரண்டுமே ஆலைத் தரையில் பிறந்தவைதான்.

கேள்வி: எங்கள் மெஷின் ஒன்றில் நான்கு வகை பாகங்கள் ஓடுகின்றன. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் செட்டிங்குக்கு 90 நிமிடம் ஆகிறது. இதை 20 நிமிடமாகக் குறைக்க, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸர்களுக்குக் கணிசமாகச் செலவு செய்ய வேண்டும். பலன் எவ்வளவு என்று முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது?
– தயாரிப்புப் பொறியாளர், ஓசூர்

பதில்: முதல் கணக்கைக் காகிதத்திலேயே போடுங்கள். நீங்கள் எழுதியுள்ள விவரப்படி, இரண்டு ஷிஃப்டுக்கு 960 நிமிடம். நான்கு வகையிலும் நாளுக்கு 50 வீதம் 200 பீஸ், பீஸுக்கு 4 நிமிடம் என்றால் 800 நிமிடம். மிச்சம் 160. மெஷின் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் பழுதால் நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கழித்தால் செட்டிங்குக்குக் கிடைப்பது 100 நிமிடம்தான். நான்கு வகையையும் ஒரு சுற்று ஓட்டி முடிக்க நான்கு செட்டிங், அதாவது 360 நிமிடம் தேவை. எனவே ஒரு சுற்றுக்கு 3.6 நாள் ஆகும். ஒவ்வொரு வகையிலும் 180 பீஸ் லாட்டாக, அதாவது ஒரே செட்டிங்கில் தொடர்ந்து ஓட்டும் தொகுதியாக, போட்டுத்தான் தீர வேண்டும். செட்டிங் 20 நிமிடமானால் சுற்று 0.8 நாள், லாட் 40. நீங்கள் இப்போது 300 பீஸ் லாட் போடுகிறீர்கள் என்றால், ஃபிக்ஸருக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே 180க்கு அருகில் இறங்க இடமிருக்கிறது என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது.

இனி, காகிதம் ஏமாற்றும் இடத்துக்கு வருவோம். நாளுக்கு 60 நிமிடப் பழுது என்பது சராசரி. தினமும் 10 நிமிடமாக ஆறு முறை நிற்கும் மெஷினுக்கும், ஐந்து நாள் நன்றாக ஓடிவிட்டு ஆறாம் நாள் 6 மணி நேரம் படுத்துவிடும் மெஷினுக்கும் சராசரி ஒன்றே. முன்னதில் 40 பீஸ் லாட் பிரச்சினையின்றி ஓடும். பின்னதில், 40 பீஸ் மட்டுமே கையிருப்பாக வைத்திருக்கும் அசெம்பிளி அந்த ஆறாம் நாள் வெறும் கையோடு நிற்கும். பழுதுப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும், எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று தனித்தனியாக எடுத்து மாதிரிக்குள் கொடுத்து, 180, 120, 80, 40 என்று லாட் அளவை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். 40க்குப் போக வேண்டுமானால் ஃபிக்ஸரைவிட அந்த 6 மணி நேரப் பழுதுக்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்று விடை வந்தால் எனக்கு வியப்பிருக்காது. அப்படிப்பட்ட விடையை மெயின்டனன்ஸ் துறையிடம் காட்டி வாதாட ஒரு வரைபடம் கையில் இருப்பது, நம் ஆலைகளின் நடைமுறையை அறிந்தவர்களுக்குத் தெரியும், சிறிய விஷயமன்று.

கேள்வி: எங்களுடையது திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் பவர் டேபிள் லைன். நேரம் அளக்க ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து நின்றாலே டெய்லர்களின் வேகம் மாறிவிடுகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை நாலைந்து பேர் வருவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கணினிக் கணக்கு எடுபடுமா?
– ஒரு சூப்பர்வைசர்

பதில்: மெஷின் ஆலையைவிட உங்கள் இடத்தில்தான் அது அதிகம் எடுபடும். ஆனால் ஸ்டாப்வாட்ச்சை எடுக்கும் முன், எதற்காக அளக்கிறீர்கள் என்பதையும், இந்த எண்ணை வைத்து யாருடைய கூலியிலும் கை வைக்கமாட்டோம் என்பதையும் உரிமையாளர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த வாக்குறுதி கிடைக்காது என்றால் அளவெடுப்பதையே விட்டுவிடுங்கள். பொய்யான எண்களைத் தின்று வளரும் மாதிரி பொய்யைத்தான் சொல்லும்.

தலைமேல் நின்று அளக்காமலேயே தகவல் பெறவும் வழியிருக்கிறது. பண்டல் ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் எந்த டேபிளைக் கடந்தது என்று பண்டல் சீட்டிலேயே இரண்டு வாரம் குறித்து வந்தால் போதும். அப்படிக் குறிக்கும்போது சராசரியை மட்டும் எடுத்து மற்றதை எறிந்துவிடாதீர்கள். கழுத்து ரிப் வைக்க வழக்கமாக 40 நொடி ஆகிறது என்றால், யார் எவ்வளவு முயன்றாலும் அது 30க்குக் கீழே போகாது. நூல் அறுந்தால், ஊசி முறிந்தால் மூன்று நிமிடமும் ஆகும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நீண்ட வால்: தையல் நேரங்களின் வடிவம் இதுதான், அந்த வால்தான் லைனை நிறுத்துகிறது. அளவே கிடைக்காத வேலைக்கு, செய்பவரிடமே குறைந்தது எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று மூன்று எண்களைக் கேட்டு, வழக்கமான எண்ணில் உச்சியும் மற்ற இரண்டில் முனைகளும் கொண்ட முக்கோண வடிவில் மாதிரிக்குக் கொடுப்பது தொடக்கத்துக்குப் போதுமானது.

திங்கட்கிழமை விவகாரத்துக்கு வருகைப் பதிவேடே தரவு. கடந்த ஓராண்டுத் திங்கட்கிழமைகளில் எந்த வேலை செய்பவர்கள் எத்தனை பேர் வரவில்லை என்று எடுத்து, திங்களுக்கு ஒரு மாதிரியும் புதனுக்கு ஒரு மாதிரியும் தனித்தனியாக ஓட்டுங்கள். பிறகு கேட்க வேண்டிய கேள்வி, யாரை எந்த வேலைக்கு மாற்று ஆளாகப் பழக்குவது என்பது. கை ஏற்றுபவர் ஒருவருக்குக் கழுத்து ரிப்பும் பழக்கினால் திங்கள் உற்பத்தி எவ்வளவு மீளும், பக்கம் மூட்டுபவருக்கு ஃபிளாட்லாக்கில் கீழ் மடிப்பு பழக்கினால் எவ்வளவு மீளும் என்று ஒவ்வொரு சேர்க்கையையும் ஓட்டிப் பார்க்கலாம். எல்லோருக்கும் எல்லாமும் கற்றுக்கொடுக்கச் சொல்வது ஆலோசகர்களின் வழக்கம். ஆர்டர் நெருக்கடியில் அதற்கு யாருக்கும் நேரமிருப்பதில்லை. சரியான இரண்டு பேரைப் பழக்கினால் இழப்பில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்குமா என்பதை அறிந்துகொள்வதே இங்கே லாபம்.

எதையும் மாற்றும் முன் சென்ற மாதத்து வருகையை அப்படியே மாதிரிக்குக் கொடுத்து, சென்ற மாதம் உண்மையில் தைத்த எண்ணிக்கைக்கு அருகில் அது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த மாதிரியை வைத்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

கேள்வி: ‘டிஜிட்டல் ட்வின்’ என்கிறார்களே, அதுவும் சிமுலேஷனும் ஒன்றா?
– வாசகர், சேலம்

பதில்: ஆலையிலிருந்து தரவு தானாகவும் தொடர்ந்தும் வந்து மாதிரியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அது டிஜிட்டல் ட்வின். நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்தால் அது சிமுலேஷன். விற்பனையாளர்களின் வாயில் இரண்டும் ஒன்றுதான், விலை மட்டும் வேறு.

கேள்வி: ஒவ்வொரு மெஷினும் 95 சதவீத நேரம் ஓடியாக வேண்டும் என்று எங்கள் தலைமை அலுவலகம் இலக்கு வைத்திருக்கிறது. அதே கடிதத்தில் டெலிவரி நாளைப் பாதியாக்கவும் சொல்கிறது. இரண்டும் ஒருசேர நடக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாதவர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ஏற்ற இறக்கம் இன்றுள்ளபடியே இருந்தால் நடக்காது. பீஸ்கள் எந்த ஒழுங்கும் இன்றி வந்து சேர்ந்து, வேலை நேரமும் பெரிதும் ஏறி இறங்கும் ஒற்றை மெஷின் ஒன்றைப் பாடநூல் கணக்காக எடுத்துக்கொண்டால், அது 80 சதவீதம் ஓடும்போது ஒரு பீஸ் வரிசையில் காத்திருப்பது சராசரியாக அதன் வேலை நேரத்தைப் போல் 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95இல் 19 மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுப்பதற்கு விலையாகக் காத்திருப்பு இரு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

ஆனால் தலைமை அலுவலகத்துக்கு நீங்கள் எழுதக்கூடிய நல்ல செய்தியும் உண்டு. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961இல் தந்த தோராய விதிப்படி, வருகையிலும் வேலை நேரத்திலும் உள்ள சிதறலைப் பாதியாக்கினால் காத்திருப்பு காலாகக் குறையும். 90 சதவீதத்தில் 9 மடங்காக இருந்தது 2.25 மடங்காகிவிடும். லாட்டைச் சிறிதாக்குவது, செட்டிங்கைக் குறைப்பது, அட்டவணையைச் சமன்படுத்துவது, பழுதைத் தடுப்பது என்று லீன் சொல்லும் வேலைகள் பெரும்பாலும் அந்தச் சிதறலைத்தான் குறிவைக்கின்றன. உங்கள் ஆலையின் எண்களோடு ஒரு சிமுலேஷன் ஓட்டி, 80, 85, 90, 95 என்ற நான்கு நிலைகளில் டெலிவரி நாள் எப்படி ஏறுகிறது என்ற ஒரே ஒரு வளைகோட்டை இணைத்து அனுப்புங்கள். இலக்கு வைத்தவர்களை எதிர்த்துப் பேசாமலே பேச அது உதவும்.

கேள்வி: இறுதியாண்டு இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். சிமுலேஷன் மென்பொருள்களின் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, திருச்சி

பதில்: விலையைப் பற்றிக் கவலை வேண்டாம். பைதான் மொழியில் சிம்பை என்ற நூலகமும், ஜாம்சிம் என்ற மென்பொருளும் இலவசம். எனிலாஜிக் நிறுவனமும் கற்பவர்களுக்கென ஓர் இலவசப் பதிப்பு வைத்திருக்கிறது. அசையும் படங்களில் மயங்கிவிடாமல் இருக்க, சிம்பையில் தொடங்கச் சொல்வேன்; அதில் படமே இல்லை.

ஆலைக்குள் அனுமதி கிடைக்கும்வரை உங்கள் கல்லூரி கேண்டீனின் டோக்கன் கவுன்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளையில் ஒவ்வொருவரும் வரிசைக்கு வந்த நேரத்தையும் டோக்கன் வாங்கிச் சென்ற நேரத்தையும் ஒரு வாரம் குறித்தால் முதல் மாதிரிக்கான தரவு தயார். ஆனால் அதற்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். மேலே ஸ்ரீபெரும்புதூர் வாசகருக்குச் சொன்ன பாடநூல் மெஷினை, வருகை இடைவெளி, வேலை நேரம் இரண்டையும், சிறிய நேரங்கள் அடிக்கடியும் பெரியவை அரிதாகவும் வரும் அடுக்குக்குறிப் பரவலிலிருந்து (exponential) எடுத்து, 80 சதவீத ஓட்டத்தில், சில லட்சம் பீஸ்களுக்கு ஓட்டுங்கள். தொடக்கத்தில் வரிசை காலியாக இருந்த பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பார்த்தால், சராசரிக் காத்திருப்பு வேலை நேரத்தின் 4 மடங்கை ஒட்டி வர வேண்டும். 3.2 என்றோ 6 என்றோ வந்தால் பிழை உங்கள் நிரலில் இருக்கிறது. அந்த 4 வரும்வரை கேண்டீன் பக்கம் போக வேண்டாம், சாப்பிடுவதற்குத் தவிர.